துளை வழியே தெரிவது

ஆண் குழந்தைக்கு விரை இறங்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டியதில்லை. காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிக்கே கை சொல்லிவிடும். "வளர வளரத் தானா இறங்கிடும்" என்று அவர் சொல்லும் ஆறுதலும் ஆறு மாதம் வரை மெய்தான். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. ஒரு வயதில் அது ஏறத்தாழ 1 ஆகிவிடுகிறது. மிஞ்சியவர்களுக்கு 18 மாதத்துக்குள் அறுவை முடிந்துவிட வேண்டும்.

இவர்களில் பெரும்பாலோருக்கு விரை கவட்டிலேயே கைக்குத் தட்டுப்படும். சிறு கீறல் போட்டு இறக்கி வைத்துவிடலாம். அதற்கு லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளை வழியே கேமராக் குழல் செலுத்திச் செய்யும் அறுவை, கேட்பது வீண் செலவு. ஐந்தில் ஒருவருக்குத்தான் தட்டுப்படாது. அது வயிற்றுக்குள் இருக்கலாம், கருவிலேயே அழிந்தும் போயிருக்கலாம். 1976-இல் இத்தாலியில் கோர்டேசி குழுவினர் தட்டுப்படாத விரையைத் தேடவே கேமராக் குழலை உள்ளே செலுத்திப் பார்த்தனர். இம்முறையின் நன்மைகளில், தழும்பு சிறிது என்று விளம்பரப் பலகைகள் சொல்வதை நான் கடைசியில்தான் வைப்பேன். ரத்தக்குழாய் பாதியில் முடிந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால் விரை இல்லை என்பது உறுதி. தேடுவதை அத்தோடு நிறுத்தலாம். ஸ்கேன் இந்த உறுதியைத் தராது. இதற்கு ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்றே அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2014-இல் வழிகாட்டியது. ஆனாலும் ஸ்கேனுக்குக் காசைக் கொடுத்து, "காணவில்லை" என்ற சீட்டோடு மாதங்களைத் தொலைப்பவர்கள் உண்டு.

அரிதாக, விரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கருப்பையும் கருக்குழாயும் கேமராவில் தெரியும். ஆண் கருவில், கருப்பையாக வளரக்கூடிய முல்லேரியன் குழாய்களைக் கரைக்க வேண்டிய ஹார்மோன் சுரக்காவிட்டாலோ, சுரந்தும் பலிக்காவிட்டாலோ இப்படி ஆகும். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்திருக்கும். அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் விட்டுப்போகாத காவிரிக் கரையில் இதைப் பாடப்புத்தக விநோதம் என்று ஒதுக்க முடியாது. "அப்ப இது பையனா, பொண்ணா?" என்று பெற்றோர் பதறுவார்கள். பையன்தான் என்று அங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுவதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

எனக்கு மனத்தாங்கல் இங்கேதான். தெளிவாகத் தெரிவதாலேயே அந்தக் கருப்பையை அகற்றிவிடக் கை துறுதுறுக்கும். ஆனால் விந்துக்குழாய் அதன் சுவரோடு ஒட்டித்தான் ஓடுகிறது. இழுத்து எடுத்தால் பின்னாளில் பிள்ளைப்பேறே போகலாம். விட்டுவைத்தாலும் முழு நிம்மதி இல்லை: அதில் புற்றுநோய் வந்த நோயாளிகளும் ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கருப்பையை நடுவே பிளந்து, விந்துக்குழாயைக் காப்பாற்றி விரையை இறக்குவோரும் உண்டு. எது சரி என்று அடித்துச் சொல்ல, உலகம் முழுதும் பதிவான சில நூறு பேரின் அனுபவம் போதாது. எத்தனை நுட்பமான கருவி வந்தாலும் இதை அதனால் தீர்க்க முடியாது.

வயிற்றில் உயரத்தில் தங்கிவிட்ட விரைக்கு ஃபௌலர்–ஸ்டீபன்ஸ் முறை. 1959-இல் மெல்போர்னில் விவரிக்கப்பட்டது. இப்போது இரண்டு கட்டமாகச் செய்யும்போது, முதலில் முதன்மை ரத்தக்குழாயை அடைத்து, சுமார் ஆறு மாதம் கழித்து விரையை இறக்குவார்கள். நன்றாகச் செய்தாலும் சிலருக்கு அது சுருங்கிப்போகும். குழந்தை வயிற்றுக்கு 3 அல்லது 5 மில்லிமீட்டர் கருவிகள், குறைந்த வாயு அழுத்தம், குழந்தைகளைக் கையாண்டு பழகிய மயக்க மருத்துவர் எல்லாம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு மட்டும் செய்யும் இடத்தில் இந்தக் கை பழகாது. தஞ்சை மருத்துவக் கல்லூரி போன்ற மையத்துக்கு அனுப்புவதே நியாயம். அப்படி அனுப்பினாலும், நடவுக் கூலியை நம்பியிருக்கும் குடும்பம் இரண்டாம் முறை வந்தால்தான் முதல் அறுவைக்கே பொருள்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் பிறவிக் குறைகள் ஒன்பது. உதட்டுப் பிளவு, வளைபாதம், இதயக் குறை எல்லாம் உண்டு. இறங்காத விரை இல்லை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் நாளில் கிராம சுகாதார செவிலியர் அரை நிமிடம் தொட்டுப் பார்த்து, தட்டுப்படாவிட்டால் ஸ்கேனுக்கு அனுப்பாமல் நேரே தஞ்சைக்குச் சீட்டு எழுதலாம். அறுவைக்கு அப்போது இன்னும் ஒன்பது மாதம் கையில் இருக்கும்.