தத்தன் ஏந்திய வாள்

ஒரு நிலையை மதித்தல் வேறு. அந்நிலையில் நிற்பானை விரும்புதல் வேறு. இவ்விரண்டும் தம்முள் முரணும்பொழுது செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்குப் பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் புராணம் விடை பகர்கின்றது. ஆயின், அவ்விடையை நாயனாரிடத்து மட்டும் தேடுவோர் பாதியையே காண்பர். மறுபாதி வாயில்காவலனாகிய தத்தனிடத்து உளது.

கதை யாவரும் அறிந்ததே. திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருளாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், நீறு பூசிச் சடைமுடித்து, புத்தகக் கட்டினுள் கத்தியை மறைத்து வந்தான். வேடங்கண்டு ஏனைக் காவலர் வழிவிட்டனர். தத்தனோ, மன்னர் துயில்கின்றார், காலமறிந்து செல்லுக எனத் தடுத்தான். அதனைக் கடந்து உட்புகுந்த முத்தநாதன், தன்னை உயர்ந்த ஆசனத்திருத்தித் தாம் தரையிலிருந்த மன்னரைக் குத்தினான். வீழும் மன்னர், அவனை வெட்ட வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அடியவரை இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார்.

நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் அடக்கிய இவ்வரலாற்றை, 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் 24 பாட்டுக்களாக விரித்தார். அவ்விரிவில் தத்தனுடைய வழிநடை பெறும் இடமே ஈண்டு நோக்கற்பாலது. மன்னருக்குச் சிவவேடமே பொருள். அதனை அணிந்தவன் மீது அவருக்கு வெறுப்பேயில்லை. ஆதலின் அவர் செயல் அன்பின் செயல். தத்தனோ தன் தலைவனைக் கொன்றவனுக்குத் துணைபோகின்றான். வெறுப்பும் மதிப்பும் ஒருங்கே நின்று பொரும் நெஞ்சம் அவனுடையதே.

இந்நிலையைப் புலவர் சொற்களாலேயே புலப்படுத்துகின்றார். கொலைஞனைச் சூழ்ந்த நகரமாந்தரைப் பற்றிக் கூறுமிடத்து, அவனைப் பொய்த்தவனென்றே அம்மாந்தர் வாக்காற் சுட்டுகின்றார். அதே பாட்டில், தத்தன் வாயில் அவனுக்குத் தவன் என்னும் பெயரே வருகின்றது. அவன் செல்வது மன்னர் ஆணையென அறிந்து மாந்தர் அகல்கின்றனர். காட்டின் எல்லையில் அவனை விடுத்து மீளுமளவும் தத்தன் கையில் வாள் இருக்கின்றது. கொல்ல ஓங்கிய வாளே காக்கும் வாளாயிற்று.

இஃது வஞ்சனைக்கு இடங்கொடுத்தலன்றோ என வினவுவாருளர். அன்று என்க. முத்தநாதனை ஓரிடத்தும் புலவர் நல்லவனாக்கவில்லை. விட்டு மீளுமிடத்தும் கொடியோனென்றே கூறுகின்றார். தத்தன் அவனை வணங்கியதாகவும் பாடவில்லை. தத்தன் தலை தாழ்ந்தது மன்னர்க்கே. வேடத்துக்குரிய மதிப்பு அதனை அணிந்தவனுடைய உடைமையாகிவிடாது என்பதும், அணிந்தவனது இழிவு வேடத்தை இழிவாக்காது என்பதும் ஒருங்கே பெறப்படுகின்றன.

பதவியாளரை வெறுத்தவிடத்துப் பதவியையும் இகழ்தல் எளிது. பதவிக்கஞ்சி அவர் தீமையை நன்மையெனப் புகழ்தல் அதனினும் எளிது. இரண்டுக்கும் இடையே உள்ள வழி குறுகியது. அவ்வழியிற் சென்று மீண்டவன் தத்தன். அவன் திரும்பி வந்து செய்தி கூறுமளவும் மன்னர் தம் உயிரைத் தாங்கியிருந்தார் எனச் சேக்கிழார் பாடியது, அவ்வழிநடையின் அருமையை நாம் உணர்தற்கே போலும்.