குத்துவாள் யார் கையில்?

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நமது சஞ்சிகைகள் பேசியது குறைவு. பேசியபோதும் பிள்ளைகளின் கண் கெடுகிறது, படிப்புக் கெடுகிறது என்பதைத் தாண்டி அதிகம் போனதில்லை. சினிமாவைப் பற்றி எழுதுவதே தரக்குறைவு என்று நினைத்த விமர்சகர்கள் நமக்கு இருந்தார்கள். அந்தக் கதவு திறக்கவே பல வருடங்கள் எடுத்தன. இந்தக் கதவு இன்னும் சரியாகத் திறபடவில்லை. இதற்கிடையில் புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த ஒரு தலைமுறை இந்த விளையாட்டுகளுக்குள்ளேயே வளர்ந்து, இப்போது தன் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி நமது கவனத்துக்குரியது. விளையாட்டில் உள்ள ஆற்றல்களில் ஒன்று நிஜ வாழ்க்கையில் கிடைக்குமென்றால் எதைக் கேட்பாய்? பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. பிழை விட்டால், சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டவுடன் அங்கே போய் நிற்பது. எவ்வளவு போட்டாலும் நிரம்பாத பை. ஒரு துண்டு பாண் சாப்பிட்டவுடன் ஆறிவிடும் காயம். பொழுதுபோக்குப் பேச்சுத்தான். ஆனால் ஒருவர் எதைக் கேட்கிறார் என்பதிலிருந்து அவருக்கு எது இல்லாமற் போனது என்று ஊகிக்கலாம்.

இந்த ஏக்கம் புதியதுமல்ல. மணிமேகலைக்கு மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது: வேற்றுருவம் எடுக்க, வான்வழியே செல்ல, பசியில்லாதிருக்க. இன்றைய விளையாட்டொன்றின் ஆற்றல் பட்டியலிலும் இவை முதல் வரிசையில் இருக்கும். நிரம்பாத பைக்குப் பதிலாகக் குறையாத பாத்திரம், அமுதசுரபி. வித்தியாசம், அது ஊருக்குச் சோறு போடக் கிடைத்தது. சாத்தனார் இத்தோடு நின்றிருந்தால் அது வெறும் மாயக்கதை. உதயகுமரனிடமிருந்து விலகியிருக்க மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே நம்பி, அவளைத் தேடி வந்த உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். மந்திரம் பலித்தது, ஒருவன் இறந்தான். அவனை எழுப்ப மூன்றில் ஒன்றும் உதவவில்லை. ஓர் ஆற்றலைக் கதைக்குள் கொண்டுவரும் படைப்பாளி, அது மற்றவர்களை என்ன செய்கிறது என்பதற்கும் கணக்குக் காட்டவேண்டும். விளையாட்டுகளையும் நாம் இந்த அளவுகோலால்தான் பார்க்க விரும்புகிறோம்.

பட்டியலில் முதலில் வருவது சேமிப்பு. காசு போட்டு விளையாடும் ஆரம்பகால இயந்திரங்களில் அது இல்லை. உயிர் போனால் இன்னொரு காசு. 1986 இல் ஜப்பானில் வெளியான 'த லெஜன்ட் ஒவ் செல்டா' அடுத்த வருடம் அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் பெட்டிக்குள் ஒரு சிறிய பற்றரி இருந்தது. விளையாடுகிறவர் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பதை அந்தப் பற்றரிதான் ஞாபகத்தில் வைத்திருந்தது. பற்றரி செத்தால் ஞாபகமும் போய்விடும். 1996 இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் சேமிப்பதற்கு ஒரு தட்டச்சு இயந்திரத்தைத் தேடிப் போகவேண்டும், கையில் மை நாடாவும் வேண்டும். நாடாக்கள் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். (தட்டச்சில் பக்கம் தயாரித்துச் சஞ்சிகை நடத்திய நம்மவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும்.) பிறகு சேமிப்பு மலிந்துபோயிற்று, பல விளையாட்டுகள் தாமாகவே சேமித்துக்கொள்கின்றன. செய்த எதற்கும் விளைவில்லை என்ற உலகத்தில் தைரியத்துக்கும் இடமில்லை, வருத்தத்துக்கும் இடமில்லை.

திரும்பத் தொடங்கும் இந்த வசதியைக் கதையின் பொருளாகவே ஆக்கியது, 2003 இல் யுபிசொஃப்ற் நிறுவனத்தின் மொன்றியல் கூடத்தில் உருவான 'பிரின்ஸ் ஒவ் பேர்ஷியா: த சான்ட்ஸ் ஒவ் ரைம்'. பாரசீக இளவரசன் ஒருவன் தந்தையின் படையோடு போய் இந்திய மகாராஜா ஒருவரின் அரண்மனையைக் கொள்ளையிடுகிறான். அவன் பங்குக்கு எடுத்துக்கொள்வது ஒரு குத்துவாள். அதனுள் மணல் இருக்கும்வரை, நடந்து முடிந்த சில விநாடிகளை அவனால் பின்னுக்குச் சுழற்ற முடியும். தவறி விழுந்த உடல் மேலெழுந்து பழையபடி சுவரில் கால் வைக்கும். மணல் தீர்ந்தபின் விழுந்தால் விழுந்ததுதான். முழுக்கதையையும் இளவரசனே யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் விளையாடும்போது அவன் செத்துப்போனால், அப்படி நடக்கவில்லை என்று அவனுடைய குரல் கதையைத் திருத்திக்கொள்கிறது. சாவு இங்கே சொல்பவனின் வாய்த்தவறு.

இவ்வளவும் பாராட்டப்பட்டவை, பாராட்டத் தக்கவை. நமக்கு உறுத்துவது வேறு. ஃபாரா அந்த மகாராஜாவின் மகள். வீடு சூறையாடப்பட்டு, கைதியாகக் கொண்டுவரப்பட்டவள். காலத்தைத் திருப்பவேண்டிய தேவை யாருக்காவது உண்டென்றால் அது அவளுக்கு. ஆனால் குத்துவாள் அவன் கையில் இருக்கிறது. விளையாடுகிறவர் அவனாகத்தான் இருக்க முடியும்; அவள் வில்லோடு கூட வருகிறாள். ஒரு கட்டத்தில் அவன் உறங்கும் நேரத்தில் அவள் குத்துவாளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். விளையாடுகிறவருக்கு அது துரோகமாகத் தோன்றும்படியே காட்சி அமைந்திருக்கிறது. நமக்கோ, தன் வீட்டிலிருந்து கொள்ளை போன பொருளை ஒருத்தி திருப்பி எடுத்ததாகவே படுகிறது. சற்று நேரத்தில் அவள் இறந்தும் போகிறாள்.

முடிவில் அவன் காலத்தை முழுவதாகத் திருப்பி, கொள்ளைக்கு முந்திய இரவுக்கு வந்துவிடுகிறான். படையெடுப்பே நடக்கவில்லை. அரண்மனை நிற்கிறது, ஃபாரா உயிரோடு இருக்கிறாள். அவனுக்கு எல்லாம் ஞாபகம், அவளுக்கு ஒன்றுமில்லை. அவளுடைய அறைக்குப் போய் அவன் சொல்லும் கதைதான் நாம் இவ்வளவு நேரமும் விளையாடியது. அவள் நம்பவில்லை. அவன் முத்தமிட, அவள் தள்ளிவிட, அந்த முத்தத்தையும் அவன் பின்னுக்குச் சுழற்றி இல்லாமல் செய்துவிடுகிறான்.

இதைக் குறும்பென்று ரசித்துக் கடந்துவிடலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அழிந்தது திரும்ப வருகிறது. அழிவு, அழித்தவனின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. இழந்தவளுக்குத் தான் இழந்தாள் என்பதே தெரியாது. இப்படியொரு மீட்சியை யாராவது நம்மிடம் நீட்டினால் வாங்கிக்கொள்வோமா? வீடு நின்றிருக்கும், ஆட்கள் இருப்பார்கள். நடந்ததற்குச் சாட்சி மட்டும் இருக்காது, இருந்தாலும் அது எதிர்த்தரப்பின் தலைக்குள் இருக்கும். வாங்கிக்கொள்வோம் என்று உடனே சொல்பவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். பிள்ளையைத் தொலைத்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

2008 இல் வந்த ஜொனதன் புளோவின் 'பிறெய்ட்' இந்தக் கேள்வியைக் கூடிய பிரக்ஞையோடு எடுத்துக்கொள்கிறது. அங்கே காலத்தைத் திருப்ப மணல் கணக்கு எதுவுமில்லை. ஆனால் சில பொருட்கள் பச்சையாக ஒளிரும். மற்றதெல்லாம் பின்னே போனாலும் அவை மட்டும் திரும்புவதில்லை. இறுதியில் நாயகன் ஓர் இளவரசியைக் காப்பாற்ற ஓடுகிறான், அவளும் அவனுக்கு வழிவிட்டு உதவுவதாகத் தெரிகிறது. அதே காட்சி பின்னோக்கி ஓடும்போது, அவள் அவனிடமிருந்தே தப்பி ஓடுவது தெரியவருகிறது. இடையிடையே வரும் உரைநடைப் பகுதிகளின் பூடகம் நம்மைச் சோர்வடையச் செய்தது. அந்த ஒரு காட்சிக்காக அதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

நினைத்த இடத்துக்கு நொடியில் போகும் ஆற்றலுக்கு 2011 இன் 'ஸ்கைரிம்' நல்ல உதாரணம். ஏற்கெனவே கண்டறிந்த இடத்துக்கு மட்டுமே அப்படிப் போகலாம். போய்ச் சேரும்போது விளையாட்டுக்குள் பொழுது நகர்ந்திருக்கும். எதிரிகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வசதி வேலை செய்யாது. எதிரி பக்கத்தில் நிற்கும்போதுதானே ஒருவர் அவசரமாக எழும்பவேண்டியிருக்கிறது! முதல் விதி இன்னும் விசித்திரமானது. கண்ணாலும் கண்டிராத கிழக்கு பேர்லினுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தவர்கள் நாம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களில் பலர், தாம் பிறந்து வளர்ந்த காணிக்குள் கால் வைக்க இருபது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

இந்த ஆற்றல்களையெல்லாம் வேண்டுமென்றே பறித்துக்கொள்ளும் விளையாட்டுகளும் உண்டு. போலந்தில் 2014 இல் தயாரான 'திஸ் வோர் ஒவ் மைன்', 1992 இல் தொடங்கிய சரஜேவோ முற்றுகையைப் பின்புலமாகக் கொண்டது. படைவீரர்கள் அல்ல, மருந்தும் விறகும் தேடும் பொதுமக்கள். இறந்தவர் இறந்தவரே. நம்மை இன்னும் அதிகம் தொட்டது 2017 இல் பிரான்சில் தயாரான 'பரி மீ, மை லவ்'. நூர் சிரியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறாள். கணவன் மஜ்த் பின்தங்கிவிடுகிறான். விளையாடுகிறவர் நூர் அல்ல, மஜ்த். அவனிடம் ஒரேயொரு ஆற்றல்தான் உண்டு: கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவது. பிறகு காத்திருப்பது. அவள் படகில் ஏறினால் மணித்தியாலக் கணக்கில் பதில் வராது. அவன் சொல்லும் புத்தியை அவள் கேட்காமலும் போகலாம். தலைப்பு சிரிய வழக்கிலிருந்து வந்தது: என்னை நீ புதைக்கவேண்டும், எனக்கு முன் நீ செத்துவிடாதே என்ற பொருளில் சொல்லும் விடை. 'போறன்' என்று சொல்லாமல் 'போட்டு வாறன்' என்று சொல்லும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஏஜென்சிக்காரனின் தகவலுக்காகத் தொலைபேசியடியில் இரவிரவாக இருந்தவர்களுக்கு இந்த விளையாட்டையே விளக்கத் தேவையில்லை. ஒரு குறை உண்டு. இதற்குப் பத்தொன்பது முடிவுகள். ஒரு நூர் இறந்தால் இன்னொரு நூரோடு முதலிலிருந்து தொடங்கலாம். அந்தக் கதவையும் தயாரித்தவர்கள் மூடியிருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கடைசியாக, தமிழிலேயே பெயர் வைத்துக்கொண்டு 2023 இல் ரொறன்ரோவிலிருந்து வந்த 'வெண்பா'. 1980களில் கனடா வந்த தமிழ்நாட்டுக் குடும்பத்தின் கதை. அகதிகளின் கதை அல்ல. தாயின் தாய் எழுதிய சமையற் கொப்பி கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. வரிகள் அழிந்த இடத்தைச் சமைத்துப் பார்த்தே நிரப்பவேண்டும். பிழைத்தால் மறுபடி அடுப்பேற்றலாம், யாருக்கும் நட்டமில்லை. திரும்பத் தொடங்கும் ஆற்றல் இங்கே நியாயமாக இருக்கிறது, ஏனென்றால் சமையல் உண்மையிலேயே அப்படித்தான். பிறகு மகன் கவின் வளர்ந்து அந்தக் கொப்பியைத் தானே திறக்கிறான். அவனுக்குத் தமிழ் வாசிப்புப் போதாது. அவன் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான் விளையாடுகிறவருக்கும் புரிகிறது. முழு விளையாட்டையும் ஒரே இருப்பில் முடித்துவிடலாம். இந்தப் பகுதியோ அதிலும் அவசரமாக ஓடிவிடுகிறது. அவன் அந்த எழுத்துகளோடு இன்னும் கொஞ்ச நேரம் தடுமாற விட்டிருக்கலாம்.