கை அறிந்ததும் கணக்கில் வராததும்

அறிவு தலைக்குள் மட்டும் நிகழ்வதில்லை, உடல் இயங்கும்போதே உலகம் நமக்குத் தெரியவருகிறது என்கிறது பிரான்சிஸ்கோ வரேலா, இவான் தொம்சன், எலினோர் றொஷ் மூவரும் 1991இல் வெளியிட்ட 'த எம்பொடிட் மைன்ட்'. அதில் வரும் பூனைக்குட்டிப் பரிசோதனை எவருக்கும் விளங்கும். ஒரு தொகுதிக் குட்டிகள் தாமே நடந்தன; அவை இழுத்த கூடையில் மற்றத் தொகுதி இருந்தது. இரண்டும் கண்டவை ஒன்றே. வெளியே விட்டபோது, கூடையில் இருந்தவை குருடுகள்போல முட்டி விழுந்தன.

"இதெல்லாம் நம்மிடம் முன்பே உண்டு" என்று சிலர் சொல்லக்கூடும். பாதி உண்மை. 12ஆம் நூற்றாண்டு அந்தலூசிய அறிஞர் இப்னு துபைலின் 'ஹய் இப்னு யக்ழான்' கதையில், மான் வளர்த்த பிள்ளை இலையால் உடல் மறைத்துத் தடியை ஆயுதமாக்கும்போது தன் கையின் மேன்மையை உணர்கிறான். ஆனால் அவன் பயணம் உடலைக் கடந்து இறைவனை நோக்கியது. வரேலாவின் பயணம் அதுவல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பெருமைப்படுவது பிழை.

கேகாலை, இரத்தினபுரி றப்பர் மலைகளில் பால் வெட்டுபவரைப் பாருங்கள். பட்டையைச் சீவும் கத்தி உள்ளிருக்கும் மாறிழையத்தைத் தொடக்கூடாது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. தொட்டால் மரத்துக்குக் காயம். தொடாவிட்டால் மரம் தன் பட்டையைத் தானே மீண்டும் வளர்த்துக்கொள்ளும். உயிர் தன்னைத் தானே ஆக்கிக்கொள்வதால் தன்னாட்சி பெறுகிறது என்று மத்துரானாவும் வரேலாவும் கலத்தை வைத்துச் சொன்னதை இந்தப் பட்டை கண்ணுக்குக் காட்டுகிறது. எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும் எனக் கேட்டால், "கைக்குத் தெரியும் சேர்" என்பார்கள். மூவரின் நூல் சொல்வதும் அதுவே.

நூலின் குறையும் இங்கேதான். அனுபவத்தை ஆராய அது பௌத்த தியான மரபை நாடுகிறது; அது மதிக்கத்தக்கதே. ஆனால் அமர்ந்து கவனிக்கும் உடலுக்குக் கிடைத்த இடம் உழைக்கும் உடலுக்குக் கிடைக்கவில்லை. தன்னாட்சியுள்ள உயிர் தன் அளவைத் தானே வகுக்கும். தோட்டத்திலோ அளவை வகுப்பவர் வேறு. குறித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் எடை ஏறும். எந்தத் தளிரைக் கிள்ளுவது, எதை விடுவது என்று விரல் எடுத்த முடிவு ஏறாது. அறிவு உடலில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், அந்த உடலுக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நூல் அதுவரை வரவில்லை.

தொழுகையை நாம் பிள்ளைக்கு விளக்கம் சொல்லியா தொடங்குகிறோம்? பக்கத்தில் நிறுத்தி, ருகூவும் ஸுஜூதும் செய்யவைக்கிறோம். பொருள் பிறகு வருகிறது. உடல்வழி வந்த அதை அறிவென்றே மதிக்கிறோம். அதே கண்ணால் மலையில் வேலைசெய்யும் கையையும் பார்த்தால், 'வெறும் கூலி வேலை' என்ற சொல் நம் வாயில் வராது.