சூட்டுக் கம்பித் தையல்

கார் பம்பரில் விழுந்த விரிசலைச் சூடான கம்பியால் தைக்கலாம். பெரும்பாலான பம்பர்கள் பாலிப்ரொப்பிலீன் கலவை. சாதாரணப் பசை அதில் நிலைக்காது. முதலில் விரிசலின் நுனியில் சிறு துளையிட வேண்டும்; இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். தையல் வேலையெல்லாம் உட்புறத்தில். 0.6 அல்லது 0.8 மி.மீ. தடிமனுள்ள, நெளிந்த எஃகுக் கம்பியை அதற்கான சூட்டுக் கருவியில் செருகி விசையை அழுத்தினால், மின்சாரம் பாய்ந்து சில நொடிகளில் கம்பி பழுக்கக் காயும். அதை விரிசலுக்குக் குறுக்காக மெல்ல அமிழ்த்த வேண்டும். கைத்திறன் முழுவதும் இங்கேதான்: மேலோட்டமாக நின்றால் பிடிப்பில்லை, ஆழம் மிஞ்சினால் வெளிமுகத்தில் தழும்பு. விசையை விட்டபின் பிளாஸ்டிக் இறுகும்வரை கை அசையக் கூடாது. நெளிவுகளுக்குள் உருகிய பிளாஸ்டிக் புகுந்து உறைவதே இந்தத் தையலின் பலம், அழகும்கூட. நீட்டி நிற்கும் கம்பிக் கால்களை வெட்டியபின் வெளிப்புறத்தை நிரப்பித் தேய்த்து வண்ணம் பூசுவார்கள்.