நாற்பது எழுத்து அகலம்

கமோடோர் 64 கணினியில் ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தவருக்கு முதலில் எதிர்ப்பட்டது திரையின் அகலம். வரிக்கு நாற்பது எழுத்து, மொத்தம் இருபத்தைந்து வரி. தட்டச்சு இயந்திரத்தில் சொருகிய சாதாரணத் தாளில்கூட வரிக்கு அறுபத்தைந்து எழுத்து விழும். ஆகவே கண்முன் தெரியும் வரி வேறு, தாளில் விழப்போகும் வரி வேறு. இந்தக் கணினிக்கு வந்த ஒவ்வொரு சொற்செயலியும் இந்த இடைவெளியைத் தன் வழியில் சமாளிக்கப் பார்த்தது. அவற்றை ஒப்பிடப் புகுந்தால், எழுதுகிறவனின் வேலை எது, கருவியின் வேலை எது என்ற கேள்விக்கே வந்து சேர்கிறோம்.

கமோடோர் 64 முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1982இல். விலை 595 டாலர். அடுத்த ஆண்டே அது 200 டாலர் அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான வீடுகள் அதை வாங்கின. பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று வந்த பெட்டியில் பள்ளிக் கட்டுரையும் வேலை விண்ணப்பமும் சங்க அறிக்கையும் எழுதப்பட்டன. அதற்கு வெளிவந்த சொற்செயலிகளில் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஸ்பீட்ஸ்கிரிப்ட், ஈஸி ஸ்கிரிப்ட், பேப்பர்கிளிப், பேங்க் ஸ்ட்ரீட் ரைட்டர், ஜியோரைட்.

வசதிகளைப் பட்டியல் போட்டு எண்ணுவது ஒப்பிடுவதற்கான வழக்கமான முறை. எத்தனை வகை எழுத்து, எத்தனை பிரிண்டருக்கு ஆதரவு, எழுத்துப்பிழை பார்க்குமா என்று கட்டம் கட்டி எண்ணுவார்கள். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. சுத்தமான ஒரு பக்கத்தைத் தட்டச்சு இயந்திரமே தந்துவிடும். அதனால் முடியாத வேலை ஒன்றுதான்: எழுதிய வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் அதை எடுத்து, இடம் மாற்றி, மறுபடி எழுதுவது. கணினியிடம் நாம் போனதே அதற்காக. அந்த வேலையில் ஒரு சொற்செயலி எவ்வளவு கைகொடுக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

இயந்திரத்தின் எல்லைகளையும் மறந்துவிடக் கூடாது. செயலி நொடிக்குச் சுமார் பத்து லட்சம் துடிப்பு வேகம் உடையது. நினைவகம் 64 கிலோபைட். அதற்குள்தான் நிரலும் இருக்க வேண்டும், எழுத்தும் இருக்க வேண்டும். கர்சரை நான்கு திசையில் நகர்த்த இருந்த விசைகள் இரண்டே இரண்டு. மேலே போகவும் இடப்பக்கம் போகவும் ஷிஃப்டைச் சேர்த்து அழுத்த வேண்டும். எல்லாவற்றிலும் மோசம் 1541 டிஸ்க் டிரைவ். நொடிக்கு ஏறக்குறைய 400 பைட் வேகத்தில்தான் அது படிக்கும். முப்பதாயிரம் எழுத்துள்ள ஒரு கட்டுரையைத் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சேமிக்கவும் அப்படித்தான். இவ்வளவு நேரம் பிடிக்கும் காரியத்தை யாரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்யமாட்டார்கள். சேமிப்பதைத் தள்ளிப்போட்டு, மின்சாரம் போய் எழுத்தை இழப்பது அந்தக் காலத்தில் நிரலின் குற்றத்தால் வந்ததல்ல, டிரைவின் குற்றத்தால் வந்தது.

இந்த எல்லைகளுக்குள் மிகச் சரியாக உட்கார்ந்த நிரல் ஸ்பீட்ஸ்கிரிப்ட். சார்லஸ் பிரானன் எழுதியது. 1984 ஜனவரியில் 'கம்ப்யூட்ஸ் கெஜட்' பத்திரிகையில் முதல் பதிப்பு வந்தது. முழுக்க இயந்திர மொழியில் திருத்தி எழுதிய மூன்றாம் பதிப்பு 1985 மார்ச்சில் 'கம்ப்யூட்' பத்திரிகையில் வந்தது. நிரல் பத்திரிகையில் 'வந்தது' என்றால், அதன் எண்கள் வரிசை வரிசையாக அச்சில் வந்தன என்று பொருள். வாசகர் அந்த ஆயிரக்கணக்கான எண்களைத் தன் கையால் அடித்து ஏற்ற வேண்டும். ஒரு எண் பிசகினால் நிரல் ஓடாது. அதற்காக எம்எல்எக்ஸ் என்ற துணை நிரல் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டு, தவறு என்றால் அங்கேயே நிறுத்திவிடும். ஒரு பத்திரிகையின் விலைக்கு, சில மாலைப்பொழுதுகளின் உழைப்புக்கு, கடையில் விற்ற நிரல்களோடு தோளோடு தோள் நிற்கும் சொற்செயலி கிடைத்தது.

அதன் விசைகளில்தான் என் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது. எஃப்1 அழுத்தினால் கர்சர் அடுத்த சொல்லுக்குப் போகும். எஃப்3 அடுத்த வாக்கியத்துக்கு, எஃப்5 அடுத்த பத்திக்கு. ஷிஃப்டோடு அழுத்தினால் அதே அளவுகளில் பின்னோக்கி வரும். அழிக்கும் கட்டளை கொடுத்தால் வாக்கியமா, சொல்லா, பத்தியா என்று கேட்கும். அழித்தது தொலைந்துபோகாது, தனியிடத்தில் காத்திருக்கும். கர்சரை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் கன்ட்ரோலும் 'ஆர்' விசையும் அழுத்தினால் அங்கே வந்து விழும். இதை வடிவமைத்தவர் எழுதுகிறவன் எப்படி யோசிப்பான் என்று பார்த்திருக்கிறார். எழுதுகிறவன் 'ஏழாம் வரி' என்று நினைப்பதில்லை, 'அந்த வாக்கியம்' என்றுதான் நினைக்கிறான். திரை நாற்பது எழுத்தாக இருந்தாலும் எண்பதாக இருந்தாலும் வாக்கியம் வாக்கியமேதான். வரியைக் கைவிட்டு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டதால் குறுகிய திரையின் தொல்லை பாதி தீர்ந்தது. சொற்கள் வரியின் ஓரத்தில் உடையாமல் முழுதாக அடுத்த வரிக்கு இறங்கியது மீதிப் பாதியைத் தீர்த்தது.

குறைகளும் உண்டு. வாக்கிய முடிவைப் புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி ஆகியவற்றை வைத்தே அது கண்டுபிடிக்கும். 'மிஸ்டர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்துக்குப் பின் வரும் புள்ளியையும் வாக்கிய முடிவாகவே எடுத்துக்கொள்ளும். அச்சு அமைப்புக்கான குறிகள் ஒற்றை எழுத்தாக, நிறம் தலைகீழாகத் திரையில் தோன்றும்: இட ஓரத்துக்கு ஓர் எழுத்து, நடுவில் நிறுத்த ஓர் எழுத்து. பழகாதவருக்கு அது சங்கேதம்போல இருக்கும். பிரிண்டரின் சிறப்பு வசதிகளைப் பயன்படுத்த வேண்டுமானால் அதன் கையேட்டைத் திறந்து எண்களைத் தேடி, அவற்றை ஆவணத்தின் தலையில் நாமே எழுதிவைக்க வேண்டும். எழுதத் தெரிந்தவருக்கெல்லாம் இது வராது.

ஆனாலும் எழுத்துக்கு நடுவே குறி இடும் இந்த முறையைப் பலர் குறை சொல்கிற அளவுக்கு நான் குறை சொல்லமாட்டேன். அச்சகத்துக்குப் போகும் கைப்பிரதியில் 'நடுவில்', 'தடித்த எழுத்து', 'புதுப் பத்தி' என்று சிவப்பு மையில் எழுதிக்கொடுக்கும் வழக்கம் நம் பத்திரிகை அலுவலகங்களில் வெகுகாலம் இருந்தது. அச்சுக்கோப்பவர் அதைப் பார்த்து வேலை செய்வார். எழுதுகிறவருக்கு எழுத்தின் தோற்றத்தைப் பற்றிய கவலை அந்த ஒரு சிவப்புக் குறியோடு முடிந்துவிடும். ஸ்பீட்ஸ்கிரிப்டின் குறிகளும் அதே வேலையைத்தான் செய்தன.

ஈஸி ஸ்கிரிப்ட் பிரிட்டனின் பிரிசிஷன் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக சைமன் டிரான்மர் எழுதியது. கமோடோர் நிறுவனமே அதைத் தன் பெயரில் விற்றது. அகலப் பிரச்சினையை இது நேரடியாக எதிர்கொண்டது. வரியின் அகலத்தை 40 முதல் 240 எழுத்துவரை நாமே வைத்துக்கொள்ளலாம். திரை பக்கவாட்டில் நகரும். கணக்கு அட்டவணை, விலைப்பட்டியல் தயாரிப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உரைநடை எழுதுகிறவருக்கோ இது தொந்தரவு. அகலத்தை நாற்பதிலேயே விட்டால் திரையின் ஓரத்தில் சொல் இரண்டாக உடைந்து நிற்கும். அகலத்தைக் கூட்டினால் ஒவ்வொரு வரிக்கும் திரை வலமும் இடமுமாக ஓடும். அச்சில் எல்லாம் சரியாக வரும் என்பது உண்மை. ஆனால் உடைந்த சொற்களைப் பார்த்துக்கொண்டே ஒரு பத்தியின் ஓசையைத் திருத்துவது கடினம். கண் தடுக்கினால் காதும் தடுக்கும்.

வலிமையில் பேப்பர்கிளிப்பை மிஞ்ச ஆள் இல்லை. டொராண்டோவின் பேட்டரீஸ் இன்க்ளூடட் நிறுவனம் வெளியிட்டது. பத்தியை மட்டுமன்றி, அட்டவணையில் ஒரு நெடுவரிசையைத் தனியாகப் பெயர்த்து நகர்த்தும். அகரவரிசைப்படுத்தும். நெடுவரிசையின் எண்களைக் கூட்டித் தரும். ஒரே கடிதத்தைப் பல முகவரிகளுக்கு அச்சிடும். அச்சுக்கு முன் தாள் எப்படி இருக்கும் என்று காட்டும். சிறு அலுவலகம் ஒன்றை முழுக்க இதை வைத்து நடத்திவிடலாம்.

ஆனால் அதோடு ஒரு சின்னப் பூட்டும் வந்தது. டாங்கிள் என்று அதற்குப் பெயர். ஜாய்ஸ்டிக் செருகும் துளையில் அதைச் செருகியிருந்தால்தான் நிரல் ஓடும். நகலெடுத்து விற்பவர்களிடமிருந்து தன் உழைப்பைக் காக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆயினும் விளையாட்டு நிரலுக்குப் பூட்டு போடுவதும் சொற்செயலிக்குப் பூட்டு போடுவதும் ஒன்றல்ல. அந்தத் துண்டு தொலைந்தால் விளையாட்டில் போவது ஒரு பொழுதுபோக்கு. சொற்செயலியில் கதவுக்கு அப்பால் நிற்பது நம் கடிதங்களும் கணக்குகளும். பணம் கொடுத்து நேர்மையாக வாங்கியவரே அந்தக் கவலையைச் சுமந்தார். மறுபக்கம் ஸ்பீட்ஸ்கிரிப்டுக்கு டாங்கிள் இல்லை என்பது மட்டுமல்ல, அதன் முழு மூல நிரலும் 1985இல் புத்தகமாகவே வந்தது. வாசகர்கள் அதைத் திருத்தித் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டார்கள். வசதிப் பட்டியலில் பேப்பர்கிளிப் பல படி மேலே நிற்கும். எழுதுகிறவருக்கும் அவர் எழுத்துக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் கீழே இறங்கிவிடும்.

பேங்க் ஸ்ட்ரீட் ரைட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியின் பங்களிப்போடு உருவாகி, 1982இல் புரோடர்பண்ட் வழியாக வந்தது. பிறகு கமோடோருக்கும் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று திரையின் மேலேயே எழுதிக் காட்டும், குழந்தைகள் பயப்படாமல் உட்காரலாம். ஆனால் எழுதும் நிலை வேறு, திருத்தும் நிலை வேறு என்று பிரித்துவிட்டது. மேல் வரியில் ஒரு எழுத்தைத் திருத்த, எழுதுவதை நிறுத்தி, நிலை மாறி, திருத்தி, மறுபடி நிலை மாற வேண்டும். எழுதும்போதே திருத்துவதுதான் எழுத்து. பிள்ளைக்கு முதல் வாரத்தில் உதவும் இந்தச் சுவர் இரண்டாம் மாதத்தில் குறுக்கே நிற்கும்.

ஜியோரைட்டிடம் வரும்போது எனக்கு வியப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் 1986இல் வெளியிட்ட ஜியோஸ் என்ற வரைகலைச் சூழலின் பகுதி அது. மெக்கின்டோஷ் போன்ற விலையுயர்ந்த கணினிகளில் பார்த்த காட்சியை, படக்குறிகள், அம்புக்குறி, விதவிதமான எழுத்துருக்கள் எல்லாவற்றையும், 64 கிலோபைட்டுக்குள் கொண்டுவந்தார்கள். மந்தமான 1541 டிரைவையே பல மடங்கு வேகமாக ஓடவைத்தார்கள். பொறியியல் சாதனை என்ற வகையில் இந்த ஐந்தில் இதற்கு இணை இல்லை. திரையில் தடித்த எழுத்து தடித்தே தெரிந்தது, சாய்ந்தது சாய்ந்தே தெரிந்தது.

ஆனால் திரை 320 புள்ளி அகலம். ஜியோரைட் தாளின் ஓர் அங்குலத்துக்கு 80 புள்ளி என்று வைத்துக்கொண்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு நேரத்தில் தாளின் நான்கு அங்குலம்தான் கண்ணுக்குத் தெரியும். அரைத் தாளுக்கு மேல் மறைந்தே இருக்கும். வரியின் கடைசிக்குப் போனதும் காட்சி சட்டென்று வலப்பக்கம் தாவும், அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம் தாவும். தாளை அப்படியே காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்த நிரலில்தான் தாளின் ஒரு வரியை முழுதாகப் பார்க்க முடியவில்லை. பக்கம் மாறினால் டிஸ்க் சுழலும். நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால் பின்வரும் பக்கங்களை ஒழுங்குபடுத்த நேரம் பிடிக்கும். படமாகவே அச்சிட்டதால் பிரிண்டரும் நிதானமாகத்தான் நகரும். இவ்வளவு காத்திருப்புக்குப் பின் எழுதுகிறவர் ஒரு முடிவுக்கு வருவார்: இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும். திருத்தாமல் விட்ட அந்த வாக்கியம்தான் ஜியோரைட்டின் உண்மையான விலை.

திருவிழா அறிவிப்பு, பள்ளி நாடகத்தின் அழைப்பிதழ் போன்ற ஒரு பக்க வேலைக்கு ஜியோரைட் போல ஒன்று அன்றைய வீடுகளில் கிடையாது. அங்கே தோற்றமே செய்தி. பத்துப் பக்கக் கட்டுரைக்கு அதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. அட்டவணைக்கு ஈஸி ஸ்கிரிப்டும் அலுவலகத்துக்குப் பேப்பர்கிளிப்பும் போதும். எழுதி, அடித்து, திரும்ப எழுதுகிறவருக்கு ஸ்பீட்ஸ்கிரிப்ட்தான். ஏறக்குறைய ஆறு கிலோபைட்டே உள்ள அந்தச் சிறு நிரலை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

கமோடோர் 64இன் இயக்கத்தை அப்படியே செய்துகாட்டும் வைஸ் என்ற எமுலேட்டர் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஸ்பீட்ஸ்கிரிப்டை ஏற்றி, நெருங்கிய ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் எஃப்3ஐ அழுத்தி, வாக்கியம் வாக்கியமாக ஒருமுறை இறங்கி வாருங்கள்.