பந்து இல்லாத நாலு பேர்

மே மாதத்து ராத்திரி. கரூர் திருவள்ளுவர் மைதானத்தின் படிக்கட்டு, பகலெல்லாம் குடித்த வெயிலை இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. குரும்பலூரிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து கரூர் என்று மூன்று பஸ் மாறி வந்திருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணி ஆடிக்கொண்டிருந்தது. நான் எல்லாரையும் போலப் பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கொஞ்ச நேரம் என்னைப் பொறுத்துப் பார்த்தவர் சொன்னார்: "தம்பி, பந்தை விடுங்க. அது எங்கேயும் போயிடாது. கையில பந்து இல்லாத நாலு பேரைப் பாருங்க."

விட்டேன். அன்றைக்குத்தான் எனக்குக் கூடைப்பந்து தெரிய ஆரம்பித்தது.

வலது மூலையில் நின்ற ஆட்டக்காரர் பந்தை வாங்க வருகிறவர் போல இரண்டு எட்டு முன்னே வந்தார். அவரைக் காவல் காத்தவரும் கூடவே வந்தார். மூன்றாவது எட்டில் வெளிக்காலை அழுத்தி ஊன்றினார். சிமென்ட் தரையில் ஷூ கிறீச்சிட்டது. அப்படியே காவல்காரரின் முதுகுக்குப் பின்னால் புகுந்து வளையத்தை நோக்கி ஓடினார். நான் அசந்துபோனது அதற்கல்ல. அவர் கால் ஊன்றுவதற்கு முன்பே பந்து எதிர்ப் பக்கத்திலிருந்த கைகளை விட்டுக் கிளம்பிவிட்டது. யாரும் இல்லாத ஒரு வெற்றிடத்தை நோக்கிப் போய், தரையில் ஒரு தட்டுத் தட்டி எழும்பி, ஓடி வந்தவரின் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது. போட்டவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. போர்டில் மெதுவாகப் பட்டு வலைக்குள் விழுந்தது. கைதட்டல் எல்லாம் உள்ளே போட்டவருக்கு.

"அவர் அங்க வருவாருன்னு இவருக்கு எப்படிங்க ஐயா தெரியும்?"

"சாயங்காலம் சாயங்காலம் சேர்ந்து ஆடுறவங்க. அவர் காலு இவருக்குத் தெரியும்."

எங்கள் ஊர்ப் பக்கம் லாரியிலிருந்து செங்கல் இறக்கும்போது பார்த்திருக்கிறேன். வரிசையாக நின்று ரெண்டு ரெண்டு கல்லாக எறிந்து வாங்குவார்கள். எறிகிறவர் வீட்டுக் கதை பேசிக்கொண்டே எறிவார். வாங்குகிறவர் வேறெங்கோ பார்த்திருப்பார். கல் கையில் வந்து உட்காரும் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்கும். புது ஆள் ஒருவர் நடுவில் நின்றால் அந்தச் சீர் அன்றைக்கு முழுக்கக் கெடும். ஆள் பலசாலியாக இருந்தாலும் கெடும். கூடைப்பந்தில் நான் ரசிப்பது இந்தச் சீரைத்தான். உயரம் பிறப்பில் வருவது, வேகம் வயதோடு போவது. ஒருவர் காலை இன்னொருவர் அறிந்திருப்பது கூட ஆடிய வருஷங்களால் மட்டுமே வருவது.

அந்த வருஷங்களைத் தமிழ்நாட்டில் கொடுத்தவை அலுவலக அணிகள். அமெரிக்காவில் தொழில்முறை அணி என்றால் பனியனில் நகரத்தின் பெயர் இருக்கும். இங்கே வங்கியின் பெயரும் ரயில்வேயின் பெயரும் இருந்தன. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் தொடங்கிய வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுருக்கமாக ஐ.ஓ.பி. அதன் கூடைப்பந்து அணி இந்திய அணிக்கே நாற்றங்காலாக இருந்தது. எஸ். ராபின்சன், மிஹிர் பாண்டே, சம்பாஜி கதம், ஹரீஷ் கொரோத், ரிக்கின் பெத்தானி. பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே எத்தனை மாநிலம் ஒரே பனியனுக்குள் வந்தது என்று தெரியும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், சாயங்காலம் பயிற்சி. இதைச் சிலர் அரைத் தொழில்முறை என்று குறைத்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த வருஷம் எந்த ஊர், எந்த அணி என்ற கவலை இல்லாததால்தான் அவர்களால் பத்து வருஷம் ஒருவர் பக்கத்தில் ஒருவர் ஆட முடிந்தது. தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, சுங்கத் துறை, வருமான வரித் துறை என்று இந்த வரிசை நீளமானது. 2018-லும் 2022-லும் சென்னையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு ஆண்கள் அணி பட்டம் வென்றதற்கு அடியில் இந்த அலுவலகங்களின் சாயங்காலங்கள் இருக்கின்றன.

இந்த அணிகளை நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் பார்க்க முடிந்ததற்குக் கோடைப் போட்டிகள்தான் காரணம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துவது, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை. பெரியகுளம் அப்படியொன்றும் பெரிய ஊர் இல்லை. அங்கே இந்திய அணி ஆட்டக்காரர்கள் வந்து ஆடினால் ஊரே வந்து உட்காரும். எந்த ஆட்டக்காரர் இடது கையால் போடுவார், யார் நாலாவது கால்பகுதியில் சோர்ந்துபோவார் என்று டீக்கடையில் பேசுகிற ரசிகர்கள் அந்த ஊர்களில் உண்டு. கபடிக்கும் கைப்பந்துக்கும் உயிரை விடுகிற எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்துக்கு அப்படி ஒரு போட்டி வாய்த்திருந்தால் என்று ஒவ்வொரு மே மாதமும் நினைத்துக்கொள்வேன்.

பெண்கள் ஆட்டத்தைச் சொல்லாவிட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். தென்னக ரயில்வேயில் அனிதா பால்துரை, கீது அன்னா ஜோஸ் என்று இருவர். ஒருவர் சென்னை, மற்றவர் கோட்டயம். இருவரும் 1985 ஜூன் மாதம் பிறந்தவர்கள். ஆறடிக்கு மேல் உயரமான கீது வளையத்துக்குக் கீழே, அனிதா வெளியே. கீதுவுக்குப் பந்து போனால் இரண்டு பேர் அவரை நெருக்கியாக வேண்டும். நெருக்கினால் வெளியே ஒருவர் தனியாக நிற்பார். இந்த உள்ளே–வெளியே கணக்குதான் கூடைப்பந்தின் ஆதி வாய்ப்பாடு. கீது ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கும் போய் வந்தார். அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் எட்டாத வாசல் அது. அனிதா பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைவரானவர். குழந்தை பெற்று, மீண்டும் கோர்ட்டுக்கு வந்து, 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா 75–73 என்று வென்று 'ஏ' பிரிவுக்கு ஏறியது. இரண்டே புள்ளி! அதாவது ஒரே ஒரு கூடை. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, எங்கள் தெருவில் அந்தப் பெயரை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்பது எனக்குப் பெருமையாக இல்லை, வருத்தமாக இருந்தது.

கூடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உண்டாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் கேட்டது 18 அங்குலச் சதுரப் பெட்டி. பள்ளிக் காவலாளியிடம் இருந்ததோ பீச் பழக் கூடை. அதை மாடத்தின் கீழ்க்கட்டையில் ஆணியடித்தார்கள். அந்தக் கட்டையின் உயரம் பத்தடி. இன்றைக்கும் அதே பத்தடி, வளையத்தின் குறுக்களவும் அதே 18 அங்குலம், 45 சென்டிமீட்டர். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வழியாக ஆட்டம் ஊர் ஊராகப் போனது. கூடை போய் இரும்பு வளையம் வந்து எவ்வளவோ காலமாகியும் நம் மொழி கூடையை விடவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பந்தின் குறுக்களவு ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். 45-க்குள் 24 தாராளமாகப் போகும் என்று தோன்றும். ஆனால் வளையத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அது வட்டமல்ல, ஒடுங்கிய முட்டை. பந்து தாழ்வாகப் போகப் போக அந்த முட்டை ஒடுங்கிக்கொண்டே வரும். 30 பாகைச் சாய்வில் வந்தால் திறப்பு இருபத்திரண்டரை சென்டிமீட்டர்தான், பந்து சுத்தமாக நுழையாது. அதனால்தான் நல்ல கை பந்தை மேலே அனுப்பும். உச்சியில் ஒரு கணம் யோசித்துவிட்டு இறங்குவது போல வரும் பந்து இரும்பைத் தொடாமல் வலையை மட்டும் உதறும்போது 'சளக்' என்று ஒரு சத்தம். அதற்காக மூன்று பஸ் மாறலாம்.

வெளியுலகத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2014-ன் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். டிம் டங்கன் 1997-லிருந்து, டோனி பார்க்கர் 2001-லிருந்து, மனு ஜினோபிலி 2002-லிருந்து அங்கேயே இருந்தவர்கள். மேலே கிரெக் போபோவிச் என்ற ஒரே பயிற்சியாளர். அந்த வருஷ இறுதித் தொடரில் மயாமி ஹீட்டை 4–1 என்று வென்றார்கள். நல்ல ஷாட் கிடைத்தும் போடாமல், அதைவிட நல்ல இடத்தில் நிற்பவருக்குத் தள்ளி, அவரும் போடாமல் மூன்றாமவருக்கு விடுவார்கள். பந்து நாலு கை மாறுவதற்குள் எதிரணிக்கு மூச்சு வாங்கிவிடும். கரூர்ப் பெரியவர் அதைப் பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், தொடையில் தாளம் போட்டிருப்பார்.

நகரத்தின் பெயரில் அணிகள் நமக்கும் வந்தன. 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக்கில் சென்னை ஸ்லாம், 2022-ல் தொடங்கிய ஐ.என்.பி.எல். லீக்கில் சென்னை ஹீட். விளக்கும் பாட்டும் நேரலையும் வந்தது நல்லதுதான், ஆட்டக்காரருக்கு அது சேர வேண்டிய மரியாதை. ஆனால் சில வாரங்களுக்குக் கூடிக் கலைகிற அணியில் ஒருவர் காலை இன்னொருவர் எப்போது படிப்பது? யு.பி.ஏ. மூன்று ஆண்டுகளுக்குள் நின்றும்போனது. லீக் நிலைத்து, அதே முகங்கள் ஐந்தாறு வருஷம் அதே பனியனில் தெரிந்தால், சென்னை என்ற பெயரில் ஓர் அணி உண்டு என்று நானும் சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் பெரம்பலூரில் ஒரு வெல்டிங் கடையில் கம்பி வளைத்து 18 அங்குல வளையம் ஒன்று செய்து வாங்கினேன். களத்து ஓரத்துக் கம்பத்தில் பத்தடி அளந்து மாட்டியிருக்கிறது. அண்ணன் மகளும் அவள் தோழியும் பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான். நேற்று சாயங்காலம் நான் வெங்காயப் பட்டறைக்குக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தேன். "சித்தப்பா, பாக்காமப் போடறேன், பாருங்க" என்றாள். போட்டாள். தோழி இன்னும் திரும்பவே இல்லை. பந்து அவளைத் தாண்டி உருண்டு பட்டறையில் முட்டி நின்றது. அண்ணன் மகள் எடுக்க ஓடினாள். தோழி நின்ற இடத்திலேயே நின்று, தான் எந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று கட்டைவிரலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள்.