நீலின் அம்மா

பீட்டர் வெய்ர் இயக்கிய 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' (1989) படத்தை ஒரு நல்லாசிரியரின் கதையாகவே பலரும் பேசுகிறார்கள். ஒரு மாணவன் இறந்தபின் யாருக்கெல்லாம் அழ இடம் கிடைக்கிறது என்பதே எனக்கு அதில் முக்கியம்.

1959, அமெரிக்காவின் வெர்மான்ட். ஆண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் வெல்டன் பள்ளி. நடிக்க ஆசைப்படும் நீலை டாக்டராக்கியே தீருவது என்று ராணுவப் பள்ளிக்கு மாற்ற முடிவெடுக்கிறார் அப்பா. அன்றிரவே அவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். உடனே பள்ளி விசாரணையை அறிவிக்கிறது. மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ஆசிரியர் கீட்டிங்தான் காரணம் என்ற தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அழ வேண்டிய பிள்ளைகள் சாட்சிகளாகிறார்கள். அப்பாவின் அதிகாரமும் பள்ளியின் அதிகாரமும் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்கின்றன.

இதைப் படம் சரியாகவே கண்டிக்கிறது. ஆனால் நீலின் அம்மா? மேடையில் தான் நன்றாக நடித்ததை அவன் கடைசியாகச் சொன்னது அவரிடம்தான். போய்த் தூங்கு என்கிறார், அவ்வளவுதான். மகனின் உடலைப் பார்த்து, அவனுக்கு ஒன்றுமில்லை என்று அவர் கதறும்போது கணவர் அதட்டி நிறுத்துகிறார். அதன்பின் அவர் பேசும் காட்சி ஒன்றுகூட இல்லை.

வெளியேற்றப்படும் ஆசிரியருக்காக மாணவர்கள் மேசைமேல் ஏறி நிற்கும்போது எனக்கும் கண் கலங்குகிறது. அந்த அம்மா குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. கணவருக்கு அடங்கி, மகனைக் கைவிட்டவர்தான். ஆனால் அவரை அப்படி அடங்கவைத்த வீட்டை விசாரிக்க வேண்டுமென்றால், முதலில் அவரைப் பேசவிட வேண்டும். பள்ளி அதைச் செய்யவில்லை, படமும் செய்யவில்லை.